எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குக் கடைசி 90 நாள்: வினா வங்கியா, அட்டையா, குறிப்பேடா, காணொளியா?

ரஷ்யா, ஜார்ஜியா, கஜகஸ்தான், பிலிப்பைன்ஸ், சீனா முதலிய நாடுகளில் மருத்துவம் படித்துத் திரும்புவோர் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற வேண்டுமானால், 2002ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் எஃப்.எம்.ஜி.இ. எனப்படும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வில் வெற்றி பெற்றாக வேண்டும். தேசிய மருத்துவ அறிவியல் தேர்வுகள் வாரியம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இத்தேர்வில் ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக 300 வினாக்கள் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள 150 வினாக்களுக்கு 150 நிமிடங்களே தரப்படுவதால் ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பாதி மதிப்பெண் போதும் என்று கேட்பவருக்கு எளிதாகத் தோன்றும் இத்தேர்வில், அண்மைக் கால அமர்வுகள் பலவற்றில் எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறியிருக்கிறார்கள்.

இரண்டாம் முயற்சியில் இத்தேர்வைக் கடந்தவன் என்ற வகையிலும், அதன் பின்னர் தம்பி தங்கைகள் பலருக்குத் திருப்புதல் அட்டவணை போட்டுக் கொடுத்தவன் என்ற வகையிலும் ஒன்றைச் சொல்ல முடியும். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெரும்பாலோர் கேட்பது “எதைப் படிப்பது” என்பதைவிட “எந்த வழியில் திருப்புவது” என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானதே. பத்தொன்பது பாடங்களையும் முதலிலிருந்து படிக்க 90 நாள் போதாது. ஆனால் அடிக்கடி கேட்கப்படும் தகவல்களை மட்டும் பிரித்தெடுத்து, மறக்காதபடி நிலைநிறுத்துவதற்கு அந்தக் காலம் போதும். இதற்கென நம்மவர்கள் கையாளும் வழிகள் நான்கு: பயிற்சி வினாக்களும் விடை விளக்கங்களும் கொண்ட வினா வங்கியில் பயிற்சி செய்வது, ஆன்கி போன்ற செயலியில் வினா-விடை அட்டைகளைப் புரட்டுவது, சுருக்கக் குறிப்பேட்டை மீண்டும் மீண்டும் வாசிப்பது, விரைவுத் திருப்புதல் காணொளிகளைப் பார்ப்பது. நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்று எதையும் முடிக்காமல் தேர்வறைக்குப் போனவர்களை நான் அறிவேன். முதல் முயற்சியில் நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். அதனால்தான் எதை முதன்மையாகக் கொள்வது, எதைத் துணையாக வைப்பது, எதை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதை இத்தனை வலியுறுத்துகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 300 வினாக்களில் 100 மருத்துவமனைக்கு முந்தைய பாடங்களுக்கும் 200 மருத்துவமனைப் பாடங்களுக்கும் உரியவை. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுக்குத் தலா 17, நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றுக்குத் தலா 13, தடயவியல் மருத்துவத்துக்கு 10 என முதல் நூறு பிரிகிறது. மற்ற இருநூறில் பொது மருத்துவத்துக்கு 33, அறுவை சிகிச்சைக்கு 32, மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்துக்கு 30, சமூக மருத்துவத்துக்கு 30 வருகின்றன. குழந்தை மருத்துவம், கண் மருத்துவம், காது மூக்கு தொண்டை மருத்துவம் ஆகியவை தலா 15 பெறுகின்றன. மனநலம், தோல், மயக்கவியல், எலும்பியல் போன்ற சிறு பாடங்களுக்குத் தலா 5.

நான்கு தெரிவுகளுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தாலே நான்கில் ஒன்று சரியாகும் வாய்ப்பு உண்டு. எனவே ஒருவருக்கு ஐயமறத் தெரிந்தவை 100 மட்டுமே என்றாலும், மீதி 200இல் சராசரியாக 50 அவருக்குத் தற்செயலாகக் கிடைக்கும். அதுவே தேர்ச்சிக் கோடு. வாய்ப்பை நம்பித் தேர்வு எழுதச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. சில மதிப்பெண் முன்பின்னாகப் போனாலே அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. அரைகுறையாகத் தெரிந்த முந்நூறைவிட உறுதியாகத் தெரிந்த நூற்றைம்பது மேலானது என்பது முதலாவது. பொருந்தாத இரண்டு தெரிவுகளை விலக்கத் தெரிந்தவருக்கு ஐயமுள்ள வினாவும் பாதி வினாவாகிவிடுகிறது என்பது இரண்டாவது. உறுதியையும் விலக்கும் திறனையும் எந்த வழி எந்த அளவுக்கு வளர்க்கிறது என்பதே என் ஒப்பீட்டின் அளவுகோல்.

குறிப்பேட்டை வாசிப்பதிலிருந்து தொடங்குகிறேன்; ஏனெனில் பெரும்பாலோர் கை முதலில் அதைத்தான் நாடுகிறது. பல வண்ணங்களில் கோடிட்ட குறிப்பேட்டை மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோன்ற நிறைவு வரும். அந்த நிறைவை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை நான்கு முறை வாசித்த மாணவர்களையும், ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ அவர்களுக்கு நினைவில் நின்றது ஏறத்தாழ 40 விழுக்காடு. நினைவுகூர்ந்து பழகியவர்களுக்கு ஏறத்தாழ 61 விழுக்காடு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின் முன் நின்று ஏட்டைப் பாராமல் ஒப்பிக்க வைத்ததும் இதே வழிதான். ஒப்பித்தலைப் பொருளறியா மனப்பாடத்தோடு சேர்த்து நாம் ஒதுக்கிவிட்டோம். பொருளறிந்து படித்ததை ஒப்பித்துப் பார்ப்பதைப்போல் நினைவை வலுப்படுத்துவது வேறில்லை.

அச்சிட்ட குறிப்பேடுகளில் இன்னொரு குறையும் உண்டு. அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வரும் குறிப்பேட்டில் பழைய தகவல் அப்படியே நிற்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்கான தண்டனையைக் கூறும் பிரிவு 302 என்று மனப்பாடம் செய்திருந்தவர்கள் இனி 103 என்று கொள்ள வேண்டும். கவனக்குறைவால் நேரும் மரணம் குறித்த 304ஏ இப்போது 106. வரதட்சணை மரணம் குறித்த 304பி இப்போது 80. காவல்துறை நடத்தும் பிண விசாரணைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று பழைய குறிப்பு சொல்லும். அச்சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194. தடுப்பூசி அட்டவணையிலும் இப்படித்தான். தோலினுள் செலுத்தும் போலியோ தடுப்பூசியின் மூன்றாம் தவணை 2023 ஜனவரி முதல் ஒன்பதாம் மாதத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய குறிப்புகளில் 6, 14 வாரங்களில் தரப்படும் இரண்டு தவணைகளே இருக்கும். பத்து மதிப்பெண் தடயவியலிலும் முப்பது மதிப்பெண் சமூக மருத்துவத்திலும் இப்படிச் சில வினாக்களை இழப்பது, 145இல் நின்றுபோகும் ஒருவருக்கு ஆறு மாத வாழ்க்கையை இழப்பதாகும்.

அப்படியானால் குறிப்பேடு வேண்டாமா? வேண்டும், ஆனால் சரிபார்க்கும் நூலாக. வினாவுக்கு விடை தவறும்போது திறந்து பார்க்கவும், மாறிய தகவலை ஓரத்தில் தேதியோடு எழுதவும் ஒரே ஒரு குறிப்பேடு போதும். இரண்டு பயிற்சி நிறுவனங்களின் குறிப்புகளை அடுக்கி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வினா-விடை அட்டைகள் பற்றிய பேச்சு இப்போது மருத்துவ மாணவர்களிடையே மிகுதியாக உள்ளது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1885இலேயே ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், கற்றது தொடக்கத்தில் மிக வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோவதை அளந்து காட்டினார். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு தகவலை மீண்டும் கேட்டால், அடுத்த மறதி இன்னும் தள்ளிப்போகும். 2006இல் வெளிவந்த ஆன்கி செயலி இந்த இடைவெளியை அட்டைதோறும் கணக்கிட்டு, தெரிந்ததை வாரங்கள் கழித்தும் தெரியாததை மறுநாளும் கொண்டுவந்து நிறுத்துகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அது இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும்.

எண்கள், பெயர்கள், ஒன்றோடொன்று குழம்பும் இணைகள் ஆகியவற்றுக்கு அட்டையைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. வைட்டமின் ஏ தவணைகள் ஒன்பது, முதல் தவணை 1 லட்சம் அலகு, மற்றவை தலா 2 லட்சம், மொத்தம் 17 லட்சம் என்பதைச் சிந்தித்துக் கண்டுபிடிக்க முடியாது. நினைவில் இருக்க வேண்டும். டே-சாக்ஸ், நீமன்-பிக் என்னும் பரம்பரை நோய்கள் இரண்டிலும் விழித்திரையில் செர்ரிச் சிவப்புப் புள்ளி தெரியும். முன்னதில் குறையும் நொதி ஹெக்சோசமினிடேஸ் ஏ, கல்லீரலும் மண்ணீரலும் வீங்குவதில்லை. பின்னதில் குறைவது ஸ்பிங்கோமையலினேஸ், இரண்டும் வீங்கும். இத்தகைய இணையைத் தனித்தனி அட்டையாக எழுதினால் குழப்பம் தீராது. “செர்ரிச் சிவப்புப் புள்ளியுடன் மண்ணீரல் வீங்கியிருந்தால் எந்த நொதி?” என்று வேறுபாட்டையே வினாவாக எழுத வேண்டும். எக்ஸ்ரே, இதயமின் வரைபடம், அறுவைக் கருவி, தோல் புண் போன்ற படங்களுக்கும் அட்டை மிகப் பொருத்தமானது.

ஆனால் ஆயத்த அட்டைத் தொகுப்புகளை இறக்கிக்கொள்வதில் எச்சரிக்கை தேவை. அமெரிக்க உரிமத் தேர்வுக்கென உருவாகிப் புகழ்பெற்ற தொகுப்பில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன. அதை 90 நாளில் முடிக்க ஒரு நாளைக்கு 330க்கு மேல் புதிய அட்டைகளைப் பார்க்க வேண்டும். நாளுக்கு 50 புதிய அட்டைகள் சேர்ந்தாலே சில வாரங்களில் பழைய அட்டைகள் நாளுக்கு 350 முதல் 500 வரை திரும்பி வரத் தொடங்கும் என்பது பயன்படுத்துவோர் அனுபவத்தில் கண்ட கணக்கு. அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 330 என்றால் நாள் முழுவதும் போதாது. மேலும் அங்கே லைம் நோயும் கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கின் பூஞ்சைத் தொற்றும் நிறைந்திருக்கும். நம் தேர்வு எதிர்பார்க்கும் காலா-அசார் எனும் கருங்காய்ச்சலின் சிகிச்சை, பூச்சிமருந்து நஞ்சு, தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் ஆகியவற்றுக்கு அங்கே இடம் குறைவு அல்லது இடமே இல்லை. வெளிநாட்டில் ஆறு ஆண்டு படித்தவருக்கு உண்மையில் பள்ளம் விழுந்திருப்பது இந்தியத் தகவல்களில்தான். சமூக மருத்துவமும் தடயவியலும் சேர்ந்து 40 மதிப்பெண். அந்தப் பள்ளத்தை அமெரிக்கத் தொகுப்பால் நிரப்ப இயலாது. உங்கள் தவறுகளிலிருந்து நீங்களே எழுதிய 800 அட்டைகள், பிறர் எழுதிய முப்பதாயிரத்தைவிட மதிப்புள்ளவை என்பதே என் உறுதியான கருத்து.

அட்டைக்கு ஓர் எல்லையும் உண்டு. “கட்டுவிரியன் நஞ்சு எதைத் தாக்கும்?” என்ற அட்டைக்கு “நரம்பு” என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவோம். தேர்விலோ, குடிசையில் தரையில் படுத்துறங்கிய கூலித் தொழிலாளி விடியற்காலையில் வயிற்றுவலியோடு விழிக்கிறார், சிறிது நேரத்தில் இமைகள் தாழ்கின்றன, விழுங்க முடியவில்லை, கடித்த தடம் எங்கும் தெரியவில்லை என்று வினா வரும். தெரிவுகளில் கட்டுவிரியனோடு கண்ணாடிவிரியன், மூளைக்காய்ச்சல், பக்கவாதம் ஆகியவை இருக்கும். அட்டையில் இருந்த தகவல் இதற்குத் தேவைதான். ஆனால் அதை இந்தக் கதைக்குள் அடையாளம் காணும் பயிற்சி அட்டையில் கிடைப்பதில்லை.

அந்தப் பயிற்சியைத் தருவது வினா வங்கி. கடைசி மூன்று மாதங்களில் முதலிடத்தை அதற்கே கொடுக்கச் சொல்கிறேன். சரியாகப் பயன்படுத்தினால் ஒரு வினா நான்கு தகவல்களைத் திருப்புகிறது. சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் எந்தச் சூழலில் சரியாகியிருக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன பாம்புக்கடி வினாவில் கண்ணாடிவிரியன் ஏன் பொருந்தாது? அது கடித்திருந்தால் கடிவாயில் வீக்கமும் வலியும் இருந்திருக்கும், ரத்தம் உறையாமல் கசிந்திருக்கும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். இப்படி மூன்று நிமிடம் செலவிட்டுப் படித்தவர், தேர்வில் கண்ணாடிவிரியனைப் பற்றிய வேறொரு வினாவையும் எளிதாகத் தொடுவார். விலக்கும் திறன் வளர்வதும் இங்கேதான்.

இன்னோர் எடுத்துக்காட்டு: கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுக்கப்படும் பெண்ணிடம் அடுத்த ஊசிக்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பது வினா. முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு எண்ணிக்கை போதுமா, சிறுநீர் போதுமான அளவு இறங்குகிறதா என்ற மூன்றும், நச்சுமை ஏற்பட்டால் கால்சியம் குளூக்கோனேட் என்பதும் ஒரே விளக்கத்தில் வந்துவிடுகின்றன. இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியாக இருக்கும்போது இதே தகவல் ஒரு தாயின் மூச்சைக் காக்கும். “அடிக்கடி கேட்கப்படுபவை” என்று நாம் பட்டியலிடும் தகவல்களில் பெரும்பாலானவை, மறந்தால் நோயாளிக்குக் கேடு வரக்கூடியவை என்பதால்தான் அடிக்கடி கேட்கப்படுகின்றன.

வினா வங்கியின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. நல்லவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். வெளிநாட்டுக் கல்விக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது சிறு செலவன்று. அதே வினாவை மூன்றாம் முறை பார்க்கும்போது தகவல் நினைவுக்கு வராமல் “இதற்கு விடை சி” என்பது மட்டும் நினைவுக்கு வரும். அந்தச் சரியை மதிப்பெண்ணாகக் கருதி ஏமாறக் கூடாது. எண்ணிக்கைப் பசியும் ஆபத்தானது. நாளுக்கு 300 வினா முடித்ததாகச் சொல்பவர் விளக்கங்களைப் படித்திருக்க முடியாது. 50 வினாக்களை 50 நிமிடத்தில் நேரம் வைத்து எழுதி, பின்பு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் அவற்றை ஆராய்வது என்ற சுற்றை நாளுக்கு இருமுறை செய்தால் 100 வினா ஆகிறது. அதற்கு மேல் வேண்டியதில்லை. முந்தைய தேர்வில் வந்ததாக நினைவிலிருந்து எழுதிச் சுற்றவிடப்படும் வினாத் தொகுப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. வினாக்களை வெளியிடுவதில்லை என்று தேர்வர்கள் உறுதியளித்தே எழுதுகிறார்கள் என்பது ஒருபுறம். அத்தொகுப்புகளில் வினாவும் விடையும் பலமுறை பிழையாக இருப்பது மறுபுறம்.

காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியில் புரியாத மொழியில் கற்பிக்கப்பட்டதால் அடிப்படையே விளங்காமல் போன பாடத்துக்கு அவை உதவும். அமில-கார சமநிலையோ நரம்புப் பாதையோ விளங்காதவர் அதற்குரிய அட்டையைத் திருப்புவது வீண். ஒரு நல்ல ஆசிரியரின் இரண்டு மணி நேரம் அவருக்கு வேண்டும். விளங்கிய பாடத்தை மீண்டும் இரட்டை வேகத்தில் ஓடவிடுவது குறிப்பேட்டை நான்காம் முறை வாசிப்பதற்குச் சமம். முதல் 30 நாளில் அதிகபட்சம் மூன்று பாடங்களுக்குக் காணொளி என்று வரையறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வேண்டாம்.

இனி யாருக்கு எது என்று பார்ப்போம். படிப்பு முடிந்து முதன்முறையாக எழுதுபவருக்கு எந்தப் பாடத்தில் பள்ளம் என்பதே தெரியாது. அவர் முதல் நாளே 300 வினா கொண்ட மாதிரித் தேர்வு ஒன்றை முழுமையாக எழுதி, பாடவாரியாக மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்க்கட்டும். 30க்கு 9 வாங்கிய சமூக மருத்துவமும், 17க்கு 11 வாங்கிய உடற்கூறியலும் ஒரே அளவு நேரத்தைக் கோருவதில்லை. அவருக்கு என் பங்கீடு: நேரத்தில் பாதிக்கு மேல் வினா வங்கி, ஒரு மணி நேரம் சொந்த அட்டைகள், மீதி பள்ளமான பாடங்களுக்குக் குறிப்பேடும் காணொளியும்.

130க்கும் 149க்கும் இடையில் நின்றுபோய் மறுமுறை எழுதுபவருக்கு அறிவுக் குறைவைவிட உறுதிக் குறைவே மிகுதி. இரண்டு தெரிவுகள் வரை வந்து தவறானதைக் குறித்தவர்கள் இவர்கள். புதிய பாடத்தையோ புதிய குறிப்பேட்டையோ இவர்கள் தொட வேண்டாம். தவறிய ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் காரணத்தை ஒரே சொல்லில் எழுதட்டும்: தெரியாதது, மறந்தது, குழம்பியது, சரியாக வாசிக்காதது. மறந்ததும் குழம்பியதும் அட்டைக்குப் போக வேண்டும். தெரியாததைக் குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். சரியாக வாசிக்காதவை பத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் அவருக்குத் தேவை படிப்பன்று. நேரம் வைத்து எழுதும் பயிற்சி.

மருத்துவமனையில் உதவியாளராகவோ வேறு வேலையிலோ நாளின் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு படிப்பவர் உண்டு. அவர் மட்டும் அட்டைக்கு முதலிடம் தரலாம். பேருந்திலும் உணவு இடைவேளையிலும் கிடைக்கும் பத்துப் பத்து நிமிடங்கள் வினா வங்கிக்குப் போதாது, அட்டைக்குப் போதும். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது தடையில்லாமல் உட்கார்ந்து 150 வினாக்களை 150 நிமிடத்தில் எழுதிப் பார்ப்பதை அவர் கைவிடக் கூடாது.

கூடிப் படிக்க ஒரு துணை கிடைத்தால், நாள் முடிவில் அரைமணி நேரம் இருவரும் மாறி மாறிக் கேள்வி கேட்டு வாய்விட்டு விடை சொல்வது எந்தச் செயலிக்கும் குறைந்ததன்று. இருவருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு வளரும்.

கடைசிப் பத்து நாளில் புதிய வினா வங்கியைத் தொடங்க வேண்டாம். முதல் நாளில் எழுதிய மாதிரித் தேர்வின் தவறுகளையும், மூன்று மாதத்தில் சேர்ந்த அட்டைகளில் மூன்று முறைக்கு மேல் தவறியவற்றையும் தனியே எடுத்தால் பெரும்பாலும் இருநூறுக்குள் அடங்கும். தேர்வுக்கு முந்தைய மாலையில் தடுப்பூசி அட்டவணை, மாறிய சட்டப் பிரிவுகள், நஞ்சுமுறிவு மருந்துகளின் பட்டியல் ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாளில் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். விடுபட்ட இடத்தைச் சிவப்பு மையால் நிரப்பிவிட்டு, மறுநாள் காலை அந்தச் சிவப்பை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.